கழிக்காமல் விட்டது

உலகம்மை கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தகரத் தட்டில் வைத்தாள். உணர்வொற்றியின் நாற்காலியில் உட்காருகிறவர் உடம்பில் ஒலி எழுப்பும் பொருள் எதுவும் இருக்கக் கூடாது. ஆறு வளையல்கள், ஆறு சிறு ஒலிகள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் சுகிர்தா குனிந்து எலும்புப் பெட்டிகளுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"தன்கழிப்பைத் தொடங்கலாம்" என்றது கழிப்பான். அது அவளிடம் தமிழில்தான் பேசும். ஒருவர் தன் உணர்வுக்குத் தாய்மொழியில் பெயர் வைத்தால்தான் மூளையில் அதன் வடிவம் தெளிவாக எழும் என்று அந்தப் பொறியைச் செய்தவர்கள் கண்டுகொண்டிருந்தார்கள்.

காதுக்குள் இருக்கும் எலும்பு உடம்பிலேயே கெட்டியானது. நானூறு ஆண்டுகள் மண்ணில் கிடந்தாலும் கரையாது. சாவதற்கு முந்தைய சில மணி நேரத்தில் ஒரு மனிதர் பட்ட அச்சமும் பசியும் நம்பிக்கையும், கூடவே தொடுகையும் மணமும் ஓசையும் அதில் நுண்ணிய படிவாகத் தங்கிவிடுகின்றன. அந்தப் படிவில் படங்கள் இல்லை, சொற்கள் இல்லை. உயிருள்ள ஒரு மனத்தின் மேல் ஒற்றி எடுத்தால்தான் அது மறுபடியும் உணர்வாகிறது. ஓர் எலும்பை ஒரு முறைதான் ஒற்றலாம். அத்துடன் படிவு அழிந்துபோகும்.

சிக்கல் ஒன்றுதான். ஒற்றுகிற மனமும் வெறுந்தாள் அல்ல. அதனால் நாற்காலியில் சாய்வதற்கு முன் ஏற்பாளர் தன் மனத்தில் அன்றைக்கு இருப்பதையெல்லாம் பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். சொல்லும்போது எழும் வடிவத்தைக் கழிப்பான் பிடித்துவைத்துக்கொண்டு, பிறகு வரும் உணர்வுகளிலிருந்து அதைக் கழித்துவிடும். மிஞ்சுவது இறந்தவருடையது. சொல்லாமல் விட்டதை அதனால் கழிக்க முடியாது. அது யாருடையது என்று அதற்குத் தெரியாது. சொன்னவை பதிவாவதில்லை, வேறு யாரும் கேட்பதும் இல்லை. தேவாலயத்தில் செய்யும் பாவசங்கீர்த்தனம் மாதிரித்தான், ஆனால் மன்னிப்பு மட்டும் கிடைக்காது என்று சுகிர்தா பகிடி விடுவாள்.

உலகம்மை கடைவாய்ப் பல்லின் வலியைச் சொன்னாள். தென்காசியிலிருந்து அம்மா பேசும்போது குரல் உடைந்ததைச் சொன்னாள். மூன்று நாளாக விடாத மழையின் எரிச்சல், சரியாகத் தூங்காத அசதி, போர்க்களத்துக்குள் போகப்போகிற பயம்.

"வேறு ஏதாவது?"

இருந்தது. காலையில் சன்னலருகே நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது பேராசிரியர் யோஹன்னா குடை பிடித்தபடி முற்றத்தைக் கடந்து வந்தார். பக்கத்தில் சுகிர்தா. அவள் மேல் பேராசிரியரின் பழைய பச்சை ரப்பர் மழைக்கோட்டு. முழங்கையில் ஒட்டுப்போட்ட அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் யோஹன்னா தன் முதல் அகழாய்வைச் செய்தார் என்று ஆய்வகத்தில் எல்லாருக்கும் தெரியும். பதினோரு ஆண்டுகளாக அது அவர் அறைக் கதவுக்குப் பின்னால் தொங்கியது. யாரும் தொட்டதில்லை. வசந்தத்தில் யோஹன்னா ஓய்வு பெறுகிறார். எலும்புகளின் படிவைப் படிக்கும் படிப்பறையின் தலைமையை உலகம்மைக்குத் தருவாரா, சுகிர்தாவுக்கா என்று இன்னும் சொல்லவில்லை. கோட்டின் தொப்பிக்குள்ளிருந்து சுகிர்தா ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். உலகம்மையின் விலா எலும்புகளுக்குக் கீழே ஏதோ சூடாகப் புரண்டது.

அதற்குப் பெயர் அவளுக்குத் தெரியும். ஆனால் முப்பத்தெட்டு வயதில், இரண்டு முனைவர் பட்டங்களுக்குப் பிறகு, ஒரு மழைக்கோட்டைப் பார்த்து அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்வதா? யாரும் கேட்கப்போவதில்லைதான். ஆனால் தான் கேட்பாளே.

"இல்லை" என்றாள்.

மால்ப்ளாக்கே, பிரான்சின் வட எல்லையில் ஒரு சிற்றூர். ஸ்பெயினின் அரியணை யாருக்கு என்று ஐரோப்பாவின் பாதி நாடுகள் பதின்மூன்று ஆண்டுகள் அடித்துக்கொண்ட வாரிசுரிமைப் போரில் மிகக் கொடிய பகல் அங்கேதான் கழிந்தது. 1709 செப்டம்பரில் ஒரே நாளில் முப்பதாயிரம் பேருக்கு மேல் செத்தோ காயப்பட்டோ விழுந்தார்கள். இரண்டு காடுகளுக்கு நடுவே பிரெஞ்சுப் படை அரண் எடுத்து நின்றது. எதிரணியின் வலப்பக்கத்தார் காட்டுக்குள் புகுந்து போரிட்டார்கள். இடப்பக்கத்து டச்சுக் காலாட்படை வெட்டவெளியில் நடந்து, மறைந்திருந்த பீரங்கிகளுக்கு முன்னால் போய் நின்றது. வரிசை வரிசையாக விழுந்தது, பின்வாங்கியது, மறுபடியும் போனது. கட்டளையைப் பற்றி ஏடுகளில் நிறைய இருக்கிறது. முதல் முறை பார்த்ததற்குப் பிறகும் அந்தக் கால்கள் எப்படி நகர்ந்தன என்பதற்கு எந்த ஏட்டிலும் பதில் இல்லை.

அந்தப் பதிலுக்காகத்தான் களத்திலிருந்து அரை மணிப் பயணத் தொலைவில் ஆய்வகம் இருந்தது. இடப்பக்கத்துக் குழியில் கெடாத காதெலும்புகள் மூன்றே கிடைத்திருந்தன. எண்கள் பதினேழு, இருபத்து மூன்று, முப்பத்தொன்று.

அவள் கண்ணை மூடினாள். பதினேழாமவன் வந்தான்.

முதலில் ஈரம். பனிமூட்டத்தில் ஊறிய கம்பளிச் சட்டை தோளை இழுக்கும் கனம். வாயில் வெடிமருந்தின் உப்புக் கசப்பு. முந்தைய நாளிலிருந்து சரியாகச் சாப்பிடாத வயிறு. இடக்கைப் பக்கம் ஒருவன் இருந்தான், அவன் முழங்கை நடக்கும்போது இடித்துக்கொண்டே வந்தது. பிறகு ஓர் ஓசை, அதற்குப் பிறகு அந்த முழங்கை இல்லை. பின்னால் ஓட்டம். சேறு. ஒரு மேட்டுக்குக் கீழே குப்புறப் படுத்து மண்ணைக் கடித்த நேரம், எவ்வளவு நேரம் என்று தெரியாத நேரம்.

அப்போது வலப்பக்கக் காட்டுக்குள்ளிருந்து ஆரவாரம் கேட்டது. நம் ஆட்களின் குரல். உள்ளே புகுந்துவிட்டார்கள்.

பதினேழாமவனுடைய விலா எலும்புகளுக்குக் கீழே ஏதோ சூடாகப் புரண்டது. அவர்களுக்கு மட்டுமா? நாங்கள் சேற்றில் கிடக்க, அவர்களுக்கா பெயர்? கூடவே எங்கிருந்தோ ஒரு மணம், நனைந்து உலராத ஏதோ ஒன்றின் மணம். அவன் எழுந்தான். ஓடினான். பிறகு ஒன்றும் இல்லை.

அறிக்கையில் அவள் எழுதினாள்: 'இரண்டாம் தாக்குதலுக்கு முன் மேலோங்கிய உணர்வு, பொறாமை.' கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'அடையாளம் தெரியாதவை'. அதில், 'எண்ணெய்த் துணி போன்ற ஒரு மணம்' என்று எழுதினாள்.

யோஹன்னா அதை இரண்டு தடவை படித்தார். இதுவரை ஒற்றிய எலும்புகளில் அச்சமும் தாகமும் அம்மாவின் நினைப்பும்தான் வந்திருக்கின்றன, கால்களை நகர்த்திய உணர்வு இப்போதுதான் அகப்பட்டிருக்கிறது என்று சொல்லி உலகம்மையைத் தோளோடு அணைத்துக்கொண்டார். பதினோரு ஆண்டுகளில் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. உலகம்மைக்குப் பல்வலி கூட மறந்துபோயிற்று.

இரண்டு நாள் கழித்து அவள் நடைவழியில் போனபோது யோஹன்னாவின் அறைக் கதவு திறந்திருந்தது. பின்னால் மழைக்கோட்டு தொங்கியது. கடந்துபோனவள் நின்றாள். திரும்பி வந்து மூச்சை இழுத்தாள். ரப்பர். ஈரம் முழுக்கக் காயாத ரப்பர்.

பதினேழாமவன் காலத்து ஐரோப்பாவில் அந்த மணம் கிடையாது.

ஒரு படிப்பு தனியாக நிற்காது என்பது ஆய்வகத்தின் விதி. முதல் படிப்பின் முடிவைத் தெரிந்துகொள்ளாத வேறோர் ஏற்பாளர் அதே குழியின் வேறோர் எலும்பைப் படிக்க வேண்டும். சுகிர்தா அதற்காகப் பின்கட்டில் நான்கு நாள் தனியே தங்கவைக்கப்பட்டிருந்தாள். அவளுடைய இருபத்து மூன்றாமவனிடம் பொறாமை இல்லையென்றால் விசாரணை வரும். தன்கழிப்பில் மறைத்தவர் என்று தெரிந்தால் அந்த நாற்காலியில் பிறகு உட்காரவே முடியாது. தலைமையும் கிடையாது, வேலையும் கிடையாது.

போய்ச் சொல்லிவிட்டால் மறைத்ததைத் தானே ஒப்புக்கொண்டவள் என்ற பெயராவது மிஞ்சும். உலகம்மை மூன்று முறை யோஹன்னாவின் கதவு வரை போனாள். ஒவ்வொரு முறையும் அவள் மனம் அடுத்த காட்சிக்குத் தாவியது: தலைமை சுகிர்தாவுக்கு, சாவிக்கொத்து சுகிர்தாவுக்கு, கோட்டும் அவளுக்கே. கை கதவைத் தட்டவில்லை. செய்த தப்பை ஒப்புக்கொள்ள விடாமல் தடுப்பதும் தப்பைச் செய்யவைத்த அதே உணர்வுதான் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்ததால் பயன் எதுவும் இல்லை.

மணத்தைக் கண்டுகொண்டதிலிருந்து மூன்றாம் நாள் சுகிர்தாவின் அறிக்கை வந்தது. யோஹன்னா இரண்டு அறிக்கைகளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இருபத்து மூன்றாமவனிடமும் பொறாமை. அதுவும் பதினேழாமவனைவிட வலுவாக.

உலகம்மை சுவரில் சாய்ந்துகொண்டாள். அப்படியானால் அது அவனுடையதுதான். மணம் மட்டும்தான் தன்னுடையது, ஒரு சின்னக் கசிவு. தான் குற்றவாளி இல்லை. அந்த ஒரு மணி நேரத்தில் அவள் சுகிர்தாவை நேசித்த அளவுக்கு எப்போதும் நேசித்ததில்லை. அந்த நேசத்தோடேயே உட்கார்ந்து அவள் அறிக்கையை முழுக்கப் படித்தாள். பனி, கம்பளிச் சட்டை, முழங்கால் அளவு சேறு, காட்டிலிருந்து ஆரவாரம். கடைசிக் கட்டத்துக்கு வந்தாள்.

'அடையாளம் தெரியாதவை: கண்ணாடி தகரத்தில் படுவது போன்ற ஒலி. ஆறு முறை.'

அவள் கை தானாக இன்னொரு கையின் மணிக்கட்டுக்குப் போனது.

பதினோரு ஆண்டுகளில் புதிய எலும்பு எதுவாக இருந்தாலும் முதல் படிப்பு உலகம்மைக்குத்தான். சரிபார்க்கும் இரண்டாம் படிப்பு சுகிர்தாவுக்கு. தனக்கு வேலையே ஆமாம் போடுவதுதான் என்று சுகிர்தா சொல்லும்போதெல்லாம் எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். உலகம்மையும் சிரித்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் சுகிர்தா எண் ஒட்டிக்கொண்டு குனிந்திருக்க, இந்தப் பக்கம் தகரத்தட்டில் ஆறு வளையல்கள் விழுந்திருக்கின்றன.

மறுநாள் மதியம் உணவறையில் இருவர் மட்டும் இருந்தார்கள். பாரிசிலிருந்து சுகிர்தாவின் அம்மா கொடுத்தனுப்பிய இடியப்பமும் சொதியும் வழக்கம்போல இரண்டு தட்டில் இருந்தன. உலகம்மைக்கு அந்த இடியப்பத்தின் மேலும் உள்ளூரக் காந்தல் உண்டு. கூப்பிடு தூரத்தில் ஓர் அம்மா, வாரம் தவறாமல் ஒரு பொதி, அதைப் பங்கு போட்டுத் தரும் தாராளம். இவள் கையில் இல்லாதது எல்லாம் அவள் கையில் வெகு சாதாரணமாக இருந்தது.

சுகிர்தாதான் முதலில் பேசினாள்.

"உலகக்கா, உங்கட அறிக்கையிலை ஒரு மணம் எண்டு எழுதியிருக்கிறீங்கள்."

"உன்னோடதுல ஒரு சத்தம் இருக்கு."

சுகிர்தா சொதியைக் கரண்டியால் கலக்கினாள்.

"அண்டைக்கு நான் குடை கொண்டு வரேல்லை. அதுதான் அவ தன்ரை கோட்டைத் தந்தவ. பின்னேரமே திருப்பிக் குடுத்திட்டன்."

"நான் ஒண்ணும் கேக்கலையே சுகி."

"நீங்கள் கேக்க மாட்டியள். அதுதான் சொல்லுறன்."

உலகம்மை இடியப்பத்தைப் பிய்த்தாள். சுகிர்தாவின் குரல் தாழ்ந்தது.

"பதினொரு வருசம். ஒவ்வொரு நாளும் அந்த ஆறு வளையலும் விழுகிற சத்தம். பள்ளிக்கூடத்திலை பரிசு குடுக்கேக்கை எனக்கு முன்னாலை நிக்கிற பிள்ளையின்ரை பேரை வாசிக்கிற மாதிரி இருக்கும். ஒவ்வொரு நாளும்."

"ஏட்டி, இதை நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா."

"ஆருக்கு? கழிப்பானுக்கோ?"

இருவருக்கும் சிரிப்பு வந்தது, நிற்கவும் நேரமாயிற்று. சிரித்து ஓய்ந்தபோது, தாங்கள் என்ன செய்துவிட்டோம் என்பது மேசையில் மூன்றாவது ஆளாக வந்து உட்கார்ந்தது. பெயர் தெரியாத அந்த இருவருக்கும் இருந்தது ஒரே ஒரு காலை. அது இனி ஒருபோதும் படிக்க முடியாதபடி அழிந்துவிட்டது. அந்த இடத்தில் ஒரு மழைக்கோட்டும் ஆறு வளையல்களும் இருக்கின்றன.

சொல்லிவிடலாமா என்று உலகம்மை கேட்கவில்லை. சுகிர்தாவும் கேட்கவில்லை. ஒருத்தி வாயைத் திறந்தால் இருவர் நாற்காலியும் போகும். சுகிர்தா மிச்சமிருந்த இடியப்பத்தை உலகம்மையின் தட்டுக்கு நகர்த்தினாள். அதுவே உடன்படிக்கை ஆயிற்று.

அறிவிப்பு வெளியானது. இரண்டு எலும்புகள், இரண்டு ஏற்பாளர்கள், ஒரே உணர்வு என்று உலகம் முழுக்கச் செய்தி போயிற்று. அரியணைக்காக மன்னர்கள் பட்ட பொறாமை கடைசிக் காலாள் வரை இறங்கியிருந்தது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதினார்கள். பள்ளிப்பாடம் மாறியது. ஹாலந்தில் சில ஊர்க்காரர்கள் எங்கள் முன்னோரை இழிவு செய்கிறீர்கள் என்று சண்டைக்கு வந்து, பிறகு அடங்கினார்கள். அறிவியலோடு எவ்வளவு நேரம் சண்டை போடுவது? போர்க்களத்தை நிர்வகிக்கும் குழு, வயலின் ஓரத்தில் இந்தக் கண்டுபிடிப்பைப் பொறித்து ஒரு கல் நாட்ட முடிவு செய்தது. கல்லில் வெட்டுவதென்றால் மூன்றாவது எலும்பையும் படித்துவிடுங்கள், பிறகு யாரும் வாய் திறக்க முடியாது என்றார் யோஹன்னா.

ஓய்வு பெறுவதற்கு ஒரு வாரம் முன்பு அவர் தன் வாரிசை அறிவித்தார். உலகம்மை. முதல் படிப்பைச் செய்தவள் அவள்தானே. சாவிக்கொத்தோடு கோட்டையும் எடுத்து அவள் தோளில் போட்டார். அது அவளுக்குப் பெரிதாக இருந்தது. வாங்கிக்கொண்டு திரும்பியபோது எல்லாரும் கைதட்டினார்கள். சுகிர்தாவும் தட்டினாள், மற்றவர்களைவிட ஒரு நொடி அதிகமாக. அந்த ஒரு நொடியை உலகம்மை கவனித்தாள். சுகிர்தா எவ்வளவு அழகாகத் தோற்கிறாள் என்று நினைத்தாள். நினைத்ததும் விலாவுக்குக் கீழே அதே சூடு. தனக்கு அப்படித் தோற்கவும் தெரியாது.

புதிய தலைவியின் முதல் வேலை முப்பத்தொன்றாமவன். அன்று சுகிர்தாவே தகரத்தட்டை நீட்டினாள். தட்டில் ஒரு துணியை மடித்து விரித்திருந்தாள். வளையல்கள் ஓசையில்லாமல் விழுந்தன.

"வேறு ஏதாவது?" என்று கழிப்பான் கேட்டது.

உலகம்மை இந்த முறை சொன்னாள். மழைக்கோட்டிலிருந்து தொடங்கினாள். முற்றத்துச் சிரிப்பு, பாரிசிலிருந்து வரும் பொதி, அந்தத் தாராளம், தோற்கத் தெரிந்த அழகு. வென்ற பிறகும் அது தணியாமல் இருப்பதைச் சொன்னாள். அதற்கு வைக்க வேண்டிய பெயரையும் வைத்தாள், மூன்று முறை. சொல்லி முடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. ஏன் இப்போது சொல்கிறோம் என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. மிச்சமிருப்பது ஒரே ஒருவன். அவனுடைய காலையை அவனுக்கே விட்டுவிட வேண்டும் என்று தோன்றியது.

"பிடித்துவைத்தாயிற்று. வேறு?"

"இல்லை" என்றாள். முதல் முறையாக அது உண்மை.

முப்பத்தொன்றாமவன் வந்தான். அதே பனி, அதே கம்பளியின் கனம். அவனுக்குக் காலில் கொப்புளம் இருந்தது, நடக்கும்போதெல்லாம் அதைத்தான் நினைத்தான். பீரங்கி. ஓட்டம். சேறு. மேட்டுக்குக் கீழே நடுங்கிக்கொண்டு கிடந்தான், கால்சட்டை நனைந்திருந்தது, அதற்காக வெட்கப்பட்டான்.

வலப்பக்கக் காட்டிலிருந்து ஆரவாரம் கேட்டது.

உலகம்மை அந்தச் சூட்டுக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. அவனுக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே போய்விட்டார்கள்! யாரோ, முகம் தெரியாத யாரோ, அங்கே உயிரோடு உள்ளே போய்விட்டார்கள். நடுக்கம் நின்றது. நெஞ்சு விரிந்தது. அவர்களுக்குக் கிடைத்தது தனக்கே கிடைத்ததுபோல, அதில் தனக்குப் பங்கு வேண்டும் என்ற நினைப்பே இல்லாத ஒரு மகிழ்ச்சி. அதோடு எழுந்தான், கொப்புளத்தை மறந்து ஓடினான்.

கண்ணைத் திறந்தபோது உலகம்மையின் முகம் நனைந்திருந்தது. ஏற்பாளருக்கே உரிய பழக்கத்தில் அவள் தன்னைச் சோதித்துப் பார்த்தாள். இது தன்னிடமிருந்து கசிந்ததா? இன்னொருத்தியின் ஆரவாரத்தைக் கேட்டு இப்படி எழுந்த ஒரு நாளை அவள் தன் முப்பத்தெட்டு ஆண்டுகளில் தேடினாள். ஒன்றுகூட அகப்படவில்லை. அது அவனுடையதுதான். அவள் வாழ்க்கையில் செய்த படிப்புகளிலேயே ஐயத்துக்கு இடமில்லாத படிப்பு.

சுகிர்தா தட்டோடு வாசலில் நின்றாள். விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

"அவனுக்கும் அதுதானோ, அக்கா?"

ஒரு சொல் போதும். அந்தக் காலாட்கள் தங்கள் பெயருக்கு வந்த பழியிலிருந்து மீள்வார்கள். சுகிர்தா மறுநாள் பெட்டி கட்டுவாள். கூடவே தானும்.

"அதேதான்" என்றாள் உலகம்மை.

சுகிர்தா மூச்சை விட்டாள். வளையல்களை எடுத்து, உலகம்மையின் கையைப் பிடித்து, ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள்.

மாலையில் உலகம்மை அறிக்கை எழுதினாள். மேலோங்கிய உணர்வு, பொறாமை. கல்லுக்கு அது போதும். 'அடையாளம் தெரியாதவை' என்ற கட்டத்துக்கு வந்தபோது பேனா நின்றது. அதைக் காலியாக விட அவளுக்கு மனம் வரவில்லை. அவன் கடைசியாகச் சிரித்ததற்கு எங்காவது ஒரு வரி இருக்க வேண்டும். எழுதினாள்: 'சிறிது மகிழ்ச்சி. ஏற்பாளரிடமிருந்து கசிந்ததாக இருக்கலாம்.'

கடைசி ஒப்பம் யோஹன்னாவுடையது. அவர் அந்த வரியைப் படித்துச் சிரித்தார். தலைமைப் பொறுப்பேற்ற முதல் நாள், மகிழ்ச்சி இல்லாமல் எப்படி இருக்கும், இதற்கெல்லாம் யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள் என்று அவள் கன்னத்தைத் தட்டினார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, அந்த வரியை மட்டும் அடித்துக் கழித்தார்.